கீழே தள்ளிய சொல்

1

இந்தக் கதையைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒச்சம்மாளின் பசு செத்தது மாசி மாதம் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பங்குனி என்கிறான் அருண்பாண்டி. பசுவின் நிறத்திலும் சந்தேகம் இருக்கிறது. செவலை என்று எழுதி, அடித்து, மறுபடி செவலை என்றே எழுதியிருக்கிறேன். உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். ஒரு வீடியோவைப் பார்த்து வைத்த தீவனத்தால் அது செத்தது.

கதை எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அரசு நெறிமுறையை வாசித்துக்கொண்டிருந்தபோது பிறந்தது. சமூக ஊடகத்தில் ஒரு பொருளைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவருக்கு, அதை விற்பவரோடு தொடர்பு இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிற விதி. தொடர்பு என்றால் பணம் மட்டுமல்ல. இலவசமாக வந்த பொருள், பரிசு, பயணம், உறவு எல்லாமே தொடர்புதான். பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். கண்ணில் படும் இடத்தில் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே. சில பக்கங்கள்தான். நாவல்களைக்கூட நான் அவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை.

[ஏன் வாசித்தேன் என்பதை இங்கேயே சொல்ல வேண்டும். பிறகு சொல்கிறேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

அலங்காநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில், பனி விலகாத விடியற்காலையில்

வேண்டாம். விடியற்காலையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாம் முயற்சி:

அருண்பாண்டிக்கு இருபத்தொன்பது வயது. ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவன். வாடிவாசலுக்கு மேலே மேடையில் நின்று, மாடு வெளியே வருவதற்குள், அது யார் மாடு, பிடித்தால் யார் சார்பில் என்ன பரிசு என்று மூச்சுவிடாமல் சொல்வான். "நல்லகாமன் அண்ணே சார்பா ஒரு கட்டில், ஒரு பீரோ. தொட்டுப் பாரு மாப்ள, தொட்டுப் பாரு. வீட்டுல தரையில படுக்குறவன் எவனோ அவன் வந்து புடி." கொடுத்தவர் பெயர் ஒன்று விட்டுப்போனாலும் மாட்டைவிட வேகமாக மேடையை நோக்கி ஆள் பாயும். எட்டு ஆண்டுகளில் அவன் ஒரு பெயரையும் விட்டதில்லை.

இது நிற்கும். யார் கொடுத்தது என்பதை முதலிலும், என்ன கொடுத்தது என்பதைப் பிறகும் சொல்வது அவனுக்குத் தொழில். அந்த நெறிமுறை கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

3

மாடு வளர்ப்பைப் பற்றி அவன் செல்போனில் வீடியோவும் போடுவான். சுற்றுவட்டாரத்தில் அவன் குரலை அறியாத மாட்டுக்காரர்கள் குறைவு. ஒரு தீவன நிறுவனம் அவனுக்கு ஆறு மூட்டை சத்துத் தீவனமும் ஒரு பட்டு வேட்டியும் துண்டும் அனுப்பியது. பணம் எதுவும் தரவில்லை. தந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று அவன் சொன்னதை நான் நம்புகிறேன். காசு வந்தால் அது கூலி, பொருள் வந்தால் அது மரியாதை. மாடு பிடித்தவனுக்குக் கட்டில் கொடுப்பதை யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை. அந்த நினைப்பில்தான் இதை விளம்பரம் என்று அவன் எண்ணவே இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு கை போதும் என்று மூட்டையில் அச்சடித்திருந்தது. இரண்டு கை தீவனம் கேமராவில் எடுபடவில்லை. இரும்புச் சட்டி நிறைய அள்ளிக் கொட்டினான். அவனுடைய காளை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேலே வெல்லத் தண்ணீர் தெளித்தான். நாலு வாய் தின்றது. அந்த நாலு வாய்தான் வீடியோ. "நம்ம மாடு தெனம் இதத்தான் திங்குது, நம்பி வைங்க" என்று கூடவே அவன் குரல். எடுத்து முடித்ததும் சட்டியை இழுத்து ஓரமாக வைத்துவிட்டான்.

வீடியோவுக்குக் கீழே போடுகிற வரிகளை மதுரையிலிருந்து லட்சுமிநாராயணன் என்பவர் எழுதிக்கொடுத்தார். நிறுவனங்களுக்கு இப்படி வரிகள் எழுதுவது அவருக்குப் பிழைப்பு.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகம் இல்லை, வீடு இல்லை, பேச்சு இல்லை. இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் கதை இன்னும் நன்றாக ஓடுகிறது. அதுதான் தொந்தரவாக இருக்கிறது.)

4

ஒச்சம்மாள் அருண்பாண்டிக்கு அத்தை முறை. புருஷன் இறந்து ஆறேழு வருடம். ஒரு கறவைப் பசு, அதன் கன்று. அந்தப் பாலில்தான் வீடு நடந்தது.

அருண்பாண்டியின் வீடியோவை யாரோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். வீடியோ மட்டும்தான் வந்தது. கீழே எழுதிய வரிகள் இப்படிக் கைமாறும்போது கூட வருவதில்லை. அவள் ஒரு மூட்டை வாங்கிவந்து, பார்த்தபடியே சட்டி நிறைய வைத்தாள். பசு முழுவதையும் தின்றது. அதற்கு வெல்லம் தேவைப்படவில்லை.

மறுநாள் வயிறு உப்பிப் படுத்தது. மருத்துவர் வந்து சேர மதியமாகிவிட்டது. பழகாத மாட்டுக்கு அடர்தீவனத்தை இப்படி ஒரே நாளில் வைக்கக் கூடாது என்றார். எவ்வளவு வைத்தாய் என்று அவர் கேட்டதற்கு ஒச்சம்மாள் சட்டியை எடுத்துக் காட்டினாள். அவர் ஊசி போட்டார். பொழுது சாயுமுன் செத்துவிட்டது.

அதன்பிறகு வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். அருண்பாண்டி மாடு தினம் அம்புட்டையும் தின்றுவிட்டுக் கல் மாதிரி நிற்கிறது, என் கையில்தான் ஏதோ தோஷம். கன்றுக்குத் தண்ணீர் வைக்கப் பக்கத்து வீட்டு அன்னக்கொடியைக் கூப்பிட்டாள். தன் கையால் வைத்தால் அதுவும் போய்விடும் என்று பயம்.

அருண்பாண்டி துக்கம் கேட்கப் போனான். உட்கார்ந்திருந்தான். சொல்லவில்லை. இன்னொரு நாள் போனான். அன்றும் சொல்லவில்லை. அன்னக்கொடி வாளியோடு வந்து கன்றுக்குத் தண்ணீர் வைப்பதையும், ஒச்சம்மாள் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கைகள் விடுபடும். சொன்னால் அவன் குரல் போய்விடும். ஊரில் அவனுக்கென்று இருந்தது அந்தக் குரல்தான்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) யாரோ புகார் செய்கிறார்கள். நிறுவனத்துக்கும் அருண்பாண்டிக்கும் நோட்டீஸ் வருகிறது. விதி தன் வேலையைச் செய்யும் முடிவு. இதில் குறை ஒன்றுமில்லை, எந்த நோட்டீஸும் ஒச்சம்மாளின் கை வரைக்கும் போய்ச் சேராது என்பதைத் தவிர.

(ஆ) அடுத்த தை மாதம். வாடிவாசல். ஊரே கூடியிருக்கிறது. அருண்பாண்டி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "எல்லாரும் என்னை மன்னிக்கணும், அந்தத் தீவனம்

இல்லை. எழுதும்போதே எனக்குக் கைதட்டல் கேட்டது.

(இ) நடந்தது. மூன்றாம் முறை அவன் போனபோது ஒச்சம்மாள் வெறும் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

"அத்த, அது விளம்பரம்."

"எது?"

"அந்த வீடியோ. மூட்டையச் சும்மா குடுத்தாங்க. வேட்டி குடுத்தாங்க. அதுக்குத்தான் பேசுனேன். நம்ம மாடு அதத் திங்கல அத்த. நாலு வாய் தின்னுச்சு, அதுவும் வெல்லத்துக்காக."

அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை. மூலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

"மைக்குல அவஞ் சார்பா இவஞ் சார்பான்னு அந்தக் கத்துக் கத்துவியே. இதுக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சிருச்சாக்கும்?"

அவள் குப்பையை வாரிக் கொட்டிவிட்டு வந்தாள்.

"விளம்பரம்னு சொல்லியிருந்தா பாதிதான் வச்சிருப்பேன் மருமகனே. விளம்பரத்துல பாதியத் தள்ளிட்டுத்தான் கேக்கணும்னு எனக்குத் தெரியாதா? டிவியில எம்புட்டுப் பாத்துருக்கேன். நீ சொன்னேன்னுல்ல முழுசா வச்சேன்."

பின்னால் அந்த மருத்துவரிடம் நான் கேட்டேன். பாதி வைத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். நிச்சயமாக என்று சொல்லவில்லை.

6

லட்சுமிநாராயணன் நான்தான்.

நான் முதலில் எழுதிய வரியில் 'விளம்பரம்' என்பது முதல் சொல்லாக இருந்தது. விதியை ஒருமுறை மேய்ந்திருந்தேன், அந்த அளவுக்குத் தெரியும். நிறுவனத்திலிருந்து ராஜகுரு போனில் பேசினார். "மேல போட்டா எவன் சார் நின்னு பாப்பான்? கீழ தள்ளி விடுங்க. இருக்குல்ல, போதும்." தள்ளினேன். இருபத்திரண்டு ஹேஷ்டேக்குகளுக்கு அடியில், 'மேலும்' என்பதைத் தொட்டால் மட்டும் தெரிகிற இடத்தில், ஆங்கிலத்தில் 'Ad' என்று இரண்டே எழுத்தாக. வீடியோவில் வாயாலும் சொல்ல வேண்டும் என்று அருண்பாண்டியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செய்திருப்பான். பெயரை விட்டுப் பழக்கமில்லாதவன்.

[ராஜகுரு தள்ளச் சொன்னார் என்பது என் நினைவு. நானே முந்திக்கொண்டு, கீழே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கவும் கூடும். அந்த இடத்தில் என் நினைவை நான் நம்பவில்லை.]

நடந்ததைச் சொல்லி இன்னொரு வீடியோ போடப்போகிறேன், வரி எழுதித் தாருங்கள் என்று அருண்பாண்டி என்னைத் தேடி வந்தான். ஒச்சம்மாள் என்று ஒருத்தி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அவன் போன பிறகு அந்த நெறிமுறையை எடுத்து முதல்முறையாக முழுதாக வாசித்தேன்.

இந்தக் கதையிலும் அதையேதான் செய்திருக்கிறேன். எனக்குள்ள தொடர்பை ஐந்து பகுதிகளுக்கு அடியில் வைத்தேன். மேலே வைத்தால் நீங்கள் நின்று படிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். இந்தப் பகுதியைத் தூக்கி முதலில் வைத்து மறுபடி வாசிக்கலாம். நான் சொன்னதில் எவ்வளவைத் தள்ளிவிட்டுக் கேட்பது என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒச்சம்மாளுக்கு அந்த வசதியை நான் தரவில்லை.

7

முடிவு என்று தனியாக எதுவும் எழுதப்போவதில்லை. எல்லோரும் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒச்சம்மாள் வேறு பசு வாங்கவில்லை. இரண்டு பஸ் மாறி, வண்டியூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். கன்றுக்கு இப்போது அவளே தண்ணீர் வைக்கிறாள். அருண்பாண்டி பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். பார்த்தவர்கள் குறைவு. அடுத்த தை மாதம் அவனை யாரும் மைக்குக்குக் கூப்பிடவில்லை. திருப்பரங்குன்றத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ராஜகுரு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். நான் இன்னும் வரிகள் எழுதித் தருகிறேன். பழைய வீடியோ ஊர்க் குழுக்களில் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கீழே ஒரு வரியும் இல்லாமல்.