கட்டிலில் இருந்த கருத்தெய்வம்

தம்பி ஆஹொங்,

பிரசவ அறையில் யார் யார் எங்கே இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீயும் கூட இருந்தது போல இருக்கும். உன் மனைவி ஆசியென் கட்டிலில், இடப்பக்கம் சாய்ந்து. நான் ஜன்னலோர நாற்காலியில். அப்பா தலைமாட்டில் முக்காலி போட்டு, மடியில், கருவோடு இருக்கும் தெய்வம் தினம் எங்கே தங்கும் என்று சொல்லும் பஞ்சாங்கத்தோடு. நர்ஸ் செங் மட்டும் உட்காரவில்லை. வெளியே பகல் மழை. தோங்காங் துறைமுகமும் படகுகளும் பாலில் கரைந்தது போலத் தெரிந்தன.

போன மாதம் பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்த்த சோதனையில் ஆசியெனுக்குக் கிருமி இருப்பதாக வந்தது உனக்குத் தெரியும். அவளை அது ஒன்றும் செய்யவில்லை. பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றலாம். அதனால் வலி கண்டதுமே பென்சிலின் ஏற்ற வேண்டும். செங் ஊசியை எடுத்தாள். அப்பா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"இன்னிக்குக் கருத்தெய்வம் கட்டில்ல இருக்கு. அது இருக்கற எடத்துல கூர்மையா எதுவும் படக்கூடாது. புள்ளைக்கு ஆகாது. வேற எங்கயாவது வச்சுக் குத்துங்க."

"வேற எங்க பெரியப்பா, மீன் சந்தையிலயா?" என்றாள் செங்.

ஆசியென் வலியோடு சிரித்தாள். "கைய எடுங்க மாமா. உள்ள இருக்கறவன் அவசரத்துல இருக்கான்."

"ஆமா. பொறக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது மருந்து ஏறணும்," என்றாள் செங்.

அப்பா விரிப்பைப் பார்த்தபடியே பேசினார். "போன தடவ இவ முழுகாம இருக்கறப்ப செவுத்துல ஆணி அடிச்சேன். பெருக்கி சாமிய நகத்தாமயே அடிச்சேன். பொறந்த ரெண்டாம் நாளே காய்ச்சல்ல போயிடுச்சு."

இதை அவர் நம்மிடம் சொன்னதே இல்லை, ஆஹொங்.

"அது கிருமிக் காய்ச்சல் பெரியப்பா. மாசம் நெறயறதுக்கு முன்னாடியே பொறந்துடுச்சு, சோதிக்கவே நேரமில்ல. ஆணி என்ன பண்ணும்?" என்ற செங், சற்று நின்றாள். "சரி, பெருக்கிட்டா குத்தலாமா?"

"பெருக்கி, கொஞ்சம் தள்ளிக்கோன்னு சொல்லணும்."

மூலையிலிருந்த சின்னத் துடைப்பத்தின் மேல் சுத்தமான துணியைச் சுற்றிக் கொடுத்தாள். "அவங்க கை மேல மட்டும் படாம."

அப்பா கட்டிலின் ஓரத்தைத் தூங்கும் பூனையைத் தள்ளுவது போல மெதுவாகப் பெருக்கினார். "கொஞ்சம் தள்ளிக்கோ சாமி. புள்ளைக்கு மருந்து." அந்த இடத்தில் விரிப்பிலிருந்த ஒரு சின்னக் குழி தானாக நிமிர்ந்தது. காற்று ஜன்னல் பக்கமாக என்னைக் கடந்து போனது. எனக்குத் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான் சொல்வேன். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது ஊசி ஏறியிருந்தது. மருந்து சொட்டு சொட்டாக இறங்க, மழையும் அதே கதியில் பெய்தது. நால்வரும் ஒரே நீருக்கடியில் இருப்பது போல இருந்தது.

உன் மகன் இருட்டுவதற்குள் பிறந்தான். இரண்டாம் நாள் முழுவதும் அப்பா அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்று மூன்றாம் நாள். காய்ச்சல் இல்லை. நன்றாகக் குடிக்கிறான்.

சாமான் ஏற்றும் படகு உன் கப்பலுக்குக் கிளம்பப் போகிறது. உறையை மூட ஸ்டேப்ளரை எடுத்தேன்.

"ஊசி வேண்டாம், சாமி இன்னும் போயிருக்காது," என்று அப்பா சோற்றுப் பருக்கையை நசுக்கிக்கொண்டு நிற்கிறார். ஒட்டியதும் அவரே துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறாராம்.

அக்கா