நாற்பது பேர் கைமாற்றிய டிக்கெட்

1
இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. ஆய்வு மாணவி சூர்யகலா, கனமான ஒரு குவாண்டம் துகளை, நாற்பது சிறுதுகள்களைச் சுருள்வில்லால் கோத்த சங்கிலியின் நுனியில் கட்டி, கணினியில் ஆடவிட்டாள். ஆட்டம் அடங்கியது. அப்படியே அடங்கிக் கிடக்க வேண்டியது, எண்பதாவது நொடியில் (நொடி என்பது நம் வசதிக்கு) மறுபடி ஆடியது. கணக்கில் பிழையில்லை, துல்லியமாகத் தீர்க்கக்கூடிய மாதிரி அது. இழந்த ஆற்றல் ஏன் திரும்புகிறது? நான்கு மணிக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் திண்டிவனத்திலிருக்கும் நெறியாளர் விருத்தாசலம் ஆய்வேட்டில் கையெழுத்திட மாட்டார். இன்று கடைசி நாள்.

2
மழை பெய்துகொண்டிருந்த அந்த...

(வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.)

விழுப்புரத்தில் அவளைப் பஸ் ஏற்றுகிறேன். நெரிசல். கடைசியில் நிற்கிறவள் கட்டணத்தை முன்னால் நிற்பவரிடம் நீட்டுகிறாள். நாற்பது கை மாறி முன்வாசல் கண்டக்டர் வீரமுத்துவிடம் போகிறது. டிக்கெட்டாகி அதே கைகள் வழியே திரும்புகிறது. இதைப் பார்த்தும் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆகவே பஸ்ஸை நீட்டினேன்.

3
நானூறு பேர். பிறகு நாலாயிரம். பஸ்ஸின் மூக்கு விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியது. வால் இன்னும் விழுப்புரத்தில்.

"ஏம்மா, குடுத்து எம்மா நேரம் ஆவுது, டிக்கெட்டு வரலியே," என்றாள் பக்கத்தில் மல்லாட்டைக் கூடையோடு (வேர்க்கடலைதான்) நின்ற தனம்.

"வந்துக்கினு இருக்கும்க்கா."

"எங்க வருது? போன காசே இன்னும் போய்க்கினு இருக்குது. செக்கிங் வந்தா நீயே பேசிக்க."

வீரமுத்து என்னைப் போனில் பிடித்தார். "சார், நீங்க பாட்டுக்கு இழுத்துக்கினே போறீங்க. டிரைவர் திண்டிவனம் வந்து டீ குடிக்கிறாரு. பின்னாடி ஏறினவங்க விழுப்புரத்த விட்டு நவுரல. ஒரே பேஜாரா கீது."

போன காசு இன்னும் போய்க்கொண்டிருப்பது சூர்யகலாவுக்கு இப்போதுதான் உறைத்தது; கூட்டத்தின் நடுவே மடிக்கணினியைத் திறந்தாள். மணி மூன்று நாற்பது.

4
முடிவு அ: விருத்தாசலம் கையெழுத்திடுகிறார்.
முடிவு ஆ: அவர் கிளம்பிவிடுகிறார், ஆனால் பஸ் அவர் தெருவையும்...

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்தை உங்களிடம் விடுகிறேன். அவள் அவருக்குத் தட்டச்சிட்டதை மட்டும் தருகிறேன்:

"ஆற்றல் சங்கிலியின் மறுமுனையில் மோதித் திரும்பியது. அங்கே போக நாற்பது நொடி, வர நாற்பது. துகள்களை நானூறாக்கினேன், இப்போது எண்ணூறாவது நொடிவரை எதுவும் திரும்பாது. வரைபடத்தை நூறாவது நொடியில் நிறுத்தியிருக்கிறேன். அதற்குள் ஆட்டம் அடங்கிவிடுகிறது."