மாமியார் உட்கார்ந்த நாற்காலி

"நீ வந்திருக்கக் கூடாதும்மா..."

"ஏன், எனக்குக் காலில்லையா? கூட்டம் எல்லாருக்கும்தானே..."

"எல்லாருக்கும்தான். அவரு உள்ள இருக்காருன்னு தெரிஞ்சும்..."

"நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான்டி உக்காந்தேன்!"

டெல்மா தேநீர் கொதித்த தகர டப்பாவை நெருப்பிலிருந்து இறக்கி வைத்தாள். தாய்க்கு ஊற்றவில்லை.

கல்யாணமான நாள்முதல் அவள் புருஷன் ஹெக்டரும் தாய் மௌடியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மருமகனும் மாமியாரும் ஒரே கூரைக்கடியில் நிற்பதில்லை. சண்டையெல்லாம் இல்லை, அவர்கள் குலத்தில் அதுதான் மரியாதை. அவன் பிடிக்கும் மீனில் கொழுத்தது மாமியாருக்குப் போகும். டெல்மாதான் கொண்டு போவாள். கூட்டமென்றால் மௌடி வெளியே புளியமரத்தடியில், முதுகைக் காட்டி உட்காருவாள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

லிராய்க்குத் தெரியாதா? ஹெக்டரின் தாய்மாமன் மகன் அவன். குளமும் கரையும் அப்பன் வழியில் லிராய்க்குச் சொந்தம். அத்தை மகன் ஹெக்டர் அதற்குக் காவல். காவல்காரன் ஒப்பாமல் உரிமைக்காரன் அங்கே ஒரு குச்சி நடமுடியாது. மண்ணின் பூர்வகுடிகள் சொந்தத் தொழில் தொடங்க அரசாங்கம் உதவும் என்று நகரத்திலிருந்து ஓர் அதிகாரிப் பெண் வந்துபோகத் தொடங்கியதிலிருந்து, மீன்பிடிக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் குளக்கரையில் சொந்தமாக ஒரு முகாம் போடுவது ஹெக்டரின் கனவாகிவிட்டது. அதற்கு வேண்டிய படகோட்டும் உரிமப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, ஊர் சிரித்து, மூன்றாம் முறை தேறினான். லிராயும் தோளில் தட்டி, "மச்சான், நீதான் கேப்டன், நான் முதலாளி" என்றான். பிறகு விடுதிக் கம்பெனிக்காரன் ஒருவன் கரையைக் குத்தகைக்குக் கேட்டு வந்தான். லிராயின் பேச்சில் முகாம் வருவது குறைந்துபோனது.

இன்று காலை குத்தகைக் கூட்டத்தில் ஹெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேச எழுந்தான். வாசலில் லிராயின் வண்டி வந்து நின்றது. மௌடி இறங்கி நேரே உள்ளே வந்தாள். ஹெக்டர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினான். "குத்தகைக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று அதிகாரிப் பெண் கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். காவல்காரனுக்குப் பதிலாக வேறொருவர் பேசுவது முறையில்லை. டெல்மாவுக்கு நாக்கு துடித்தது. அது அவள் மண்ணில்லை. "மச்சானுக்கு வேண்டாம்னா இருந்து சொல்லியிருப்பானே" என்று சிரித்தான் லிராய். அந்தப் பெண்ணும் நம்பித் தலையாட்டினாள்.

"வண்டி அனுப்பினான், வந்தேன். நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் மௌடி.

"உனக்கு நாற்காலிய லிராய் எங்கம்மா போட்டிருந்தான்?"

"உள்ள, கதவுகிட்ட."

"உனக்கு எப்பவாச்சும் யாராச்சும் உள்ள நாற்காலி போட்டதுண்டா?"

மௌடி விறகைத் தள்ளிவிட்டாள். புகை கண்ணில் அடித்தது போலத் துடைத்துக்கொண்டாள். "உன் மக ஜோலீனுக்கு அந்த விடுதியில வேலை வாங்கித் தரானாம். பேத்தி டவுன்லேயே கெட்டுப்போறாளேன்னு நெஞ்சு அடிச்சுக்குதுடி. உன் ஆளு முகாம் போடுற வரைக்கும் நான் உசுரோட இருப்பேனா?"

"என்ன வேலை?"

"ரூம் கூட்டுற வேலை."

"நம்ம குளத்தங்கரையில, எவனோ படுத்த ரூம. நம்ம முகாம்னா அவ படகு ஓட்டியிருப்பாம்மா."

தூரத்தில் ஹெக்டர், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மீன்கொத்தி ஒன்று பக்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனது. அவன் அசையவில்லை.

"உன் ஆளுகிட்ட சொல்லுடி" என்றாள் மௌடி, குரல் இறங்கி. "நான் கெடுதல் நினைக்கலன்னு சொல்லு."

இத்தனை வருஷமாக இருவர் சொல்லையும் முள்ளெடுத்துச் சுமந்தவள் டெல்மா. அவன் முனகியதை நன்றியாக்கி இவளிடம் தருவாள். இவள் திட்டியதை விசாரிப்பாக்கி அவனிடம் சேர்ப்பாள். தகரத்தில் மிஞ்சிய தேநீரை மண்ணில் கொட்டினாள்.

"நீயே போய்ச் சொல்லும்மா."