விரல் முந்திக்கொண்ட சனிக்கிழமை

மார்ச் முதல் தேதி எங்கள் கடல் மீட்பு நிலையத்துத் தலைவன் கிங்ஸ்லி, படகுகளைக் குறித்துவைக்கிற நோட்டுப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றான். நான் அன்றைக்கே சொன்னேன், நோட்டு என்றைக்காவது கரண்ட் இல்லாமல் நின்றிருக்கிறதா என்று. அவன் சிரித்தான். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், அப்படித்தான் சிரிப்பான். வங்கிக்காரனை நம்பாதே என்பதுதான் என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து.

எங்கள் ஊர் டல்லக் முகத்துவாரம், சிட்னிக்கு வடக்கே கடற்கரையில். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல்மேடு இருக்கிறது. அலை அங்கேதான் புரண்டு உடையும். மீன் பிடிக்கப் போகிற சின்னப் படகுகள் அதைத் தாண்டும் முன் எங்கள் மீட்பு நிலையத்தை ரேடியோவில் கூப்பிடும். படகின் பெயர், எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவார்கள். ரேடியோ முன்னால் இருப்பவன் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் தேட வேண்டும். சம்பளம் கிடையாது. செவ்வாயும் சனியும் காலையில் அந்த நாற்காலி என்னுடையது. ஒன்பது வருடமாக.

நான் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கப்புறம் நாற்பது வருடம் வலை இழுத்தேன். என் மனைவி ஜாய்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. ரேடியோவில் படகுக்காரர்கள் பேசுவார்கள், நானும் பேசுவேன். அந்த நாற்காலி போனால் எனக்கு மிச்சம் டிவி மட்டும்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மே மாதம் கடைசிச் சனிக்கிழமை சிட்னியிலிருந்து ஒரு அதிகாரி வருவார், வந்து ஒவ்வொருவரையும் சோதிப்பார் என்று கிங்ஸ்லி அறிவித்தான். டேப்பில் பதிவு செய்த அழைப்புகளைக் கால் மணி நேரம் ஓடவிடுவார், ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். தட்ட முடியாதவன் ரேடியோவில் உட்கார முடியாது.

அறிவித்த வாரமே ஒரு ஒத்திகை வைத்தான். பதினைந்து அழைப்புகளில் நான் ஆறைத் தட்டினேன். மீதி ஒன்பது படகும் என் கணக்கில் கடலுக்கே போகவில்லை.

"முடியலன்னா பரவால்ல டெஸ்," என்றான் கிங்ஸ்லி. "ஹார்டுவேர் கடை வாசல்ல நம்ம நிதிக்கு சாசேஜ் சுடுறாங்கல்ல, அங்க ஒரு ஆள் குறையுது."

"நான் சுட்டா நீ திம்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் ஊர்க்காரன் வயித்த எதுக்குக் கெடுக்கச் சொல்ற?"

மூளை மெதுவாக ஓடியதால் தவறவில்லை. கைதான் தவறியது. வலை இழுத்து இழுத்து என் வலது மணிக்கட்டு என்றைக்கோ போய்விட்டது. கட்டை விரல் அடியில் மூட்டு தேய்ந்து கிடக்கிறது. கீபோர்டில் இரண்டு விரலால் மேலும் கீழும் தாவித் தாவித் தட்டினால் பத்து நிமிடத்தில் முழங்கை வரை எரியும். ஃப்ரீசரில் ஒரு பட்டாணிப் பொட்டலம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை தட்டிப் பழகிய பிறகும் அதைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நோலீன் அதைப் பார்த்துவிட்டாள். அவளும் எங்கள் நிலையத்தில்தான், வியாழக்கிழமைக்காரி. நியூகாசில் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் டைப் அடித்தவள். வாய் ஓயாது.

"அந்தக் கைய இங்க காட்டு," என்றாள். பார்த்தாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாப்பத்தி ரெண்டு வயசுல டாக்டர் வேலைய விடச் சொன்னாரு. நான் வேலைய விடல, கீபோர்ட விட்டேன்."

"கீபோர்ட விட்டுட்டு எதுல டைப் அடிச்ச, மூக்காலயா?"

அவள் தன் பையிலிருந்து சொந்தக் கீபோர்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. ஏ, ஓ, ஈ, யூ, ஐ ஐந்தும் நடு வரிசையில் இடது கைக்கு அடியில் இருந்தன. வலது கைக்கு அடியில் டி, ஹெச், டீ, என், எஸ்.

"டுவோராக்னு பேரு. அமெரிக்காவுல ஒருத்தர் தொண்ணூறு வருஷம் முன்னாடி அடுக்குனது. அடிக்கடி வேணுங்கற எழுத்தெல்லாம் விரல் ஏற்கனவே இருக்குற எடத்துலயே இருக்கும். தாவ வேண்டியது இல்ல. நீ உன் வீட்டுல உப்ப எங்க வைக்கிற?"

"அடுப்புப் பக்கத்துல."

"மேல் அலமாரில வச்சு ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறுவியா? மத்த கீபோர்டு அப்படித்தான் ஏறச் சொல்லுது."

"அவ்வளவு நல்லதுன்னா ஊரே ஏன் அதுல அடிக்கல?"

"எல்லாரும் பழைய வரிசைல பழகிட்டாங்க. பழகினத மறக்குறது கஷ்டம். உனக்கு அந்தத் தொல்லையே இல்ல, மறக்க என்ன இருக்கு?"

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"ஒன்னும் இல்ல. சும்மா தர்றேன்."

"சும்மா தர்றவங்களத்தான் நான் ரெண்டு தடவ பாப்பேன்."

"பாத்துக்க," என்றாள். "புதன்கிழமை காலைல உன் வீட்டுக்கு வர்றேன். டீ மட்டும் போட்டு வை. பால் கெட்டுப்போயிருந்தா இப்பவே சொல்லிடு."

என் வீட்டு மேசையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. நோலீன் அதில் வரிசையை மாற்றினாள். கீபோர்டில் எதையும் ஒட்டவில்லை. பொத்தான்களின் மேல் பழைய எழுத்தே இருக்கட்டும், கீழே பார்க்காதே, பார்த்தால் குழம்புவாய் என்றாள். புது வரிசையை ஒரு அட்டையில் எழுதிக் கண் மட்டத்தில் சுவரில் குத்தினாள். நிலையத்துக் கம்ப்யூட்டரில் எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிப் பாஸ்வேர்டு. என் பெயரில் உள்ளே போனால் புது வரிசை வருகிற மாதிரி அங்கேயும் செய்துவைத்தாள். மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

முதல் மூன்று வாரம் கேவலம். பழையதும் போச்சு, புதுசும் வரவில்லை. ரேடியோவில் கடல் வானிலை வாசிப்பார்கள் இல்லையா, அதைக் கேட்டுக்கொண்டே தட்டிப் பழகினேன். தென்கிழக்குக் காற்று பதினைந்து முதல் இருபது நாட் வேகம் என்று அவர்கள் சொல்லி முடிக்கும்போது நான் தென்கிழக்கின் பாதியில் நிற்பேன். நோலீனைத் திட்டினேன். அமெரிக்காக்காரனையும் திட்டினேன். கிங்ஸ்லியும் அவளும் சேர்ந்துகொண்டு என்னை இருந்ததையும் மறக்கவைத்து வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான்.

நான்காவது வாரம் ஒரு சாயங்காலம் சாப்பிட எதுவும் இல்லாமல் ஃப்ரீசரைத் திறந்தேன். பட்டாணிப் பொட்டலம் பனி மூடிக் கிடந்தது. ஐந்து நாளாக அதை எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தினமும் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். கையை மடக்கினேன், நீட்டினேன். எரியவில்லை. பொட்டலத்தைக் கிழித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு முட்டையோடு தின்றேன்.

சோதனை நாள் வந்தது. அதிகாரி எட்டு மணிக்கு. நான் ஆறு மணிக்கே நிலையத்துக்குப் போய்க் கதவைத் திறந்து, வழக்கம்போல அதைச் சுவரோடு சாய்த்துக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைத் தட்டினேன். தட்டினால் எழுத்து தெரியாது, கறுப்புப் புள்ளிதான் தெரியும். தவறு என்றது.

மறுபடி தட்டினேன். தவறு.

என் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? அது என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன். ஜாய்ஸுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், மறக்கவே முடியாது. மூன்றாம் தடவை நிதானமாக, மனதுக்குள் சொல்லிக்கொண்டே தட்டினேன். கணக்கு பூட்டப்பட்டது, நிர்வாகியைப் பாருங்கள் என்று வந்தது.

நிர்வாகி யார்? கிங்ஸ்லி.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சோதனைக்கு முந்தின நாள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். கிழவன் உட்கார்ந்து திணறட்டும், சிட்னி அதிகாரி பார்க்கட்டும், நாற்காலி தானாகக் காலியாகும். போன் போட்டுக் கேட்கலாமா என்று நினைத்தேன். பூட்டினவனிடமே போய்ச் சாவி கேட்பதா?

அதற்குள் ரேடியோ கூப்பிட்டது.

"டல்லக் நிலையம், டல்லக் நிலையம், மார்கரெட் ஏ. கேக்குதா?"

"கேக்குது காலின், சொல்லு."

"மூணு பேரு. வடக்கு பாறைக்குப் போறோம். பத்து மணிக்குத் திரும்பிருவோம்."

"மேட்டுல அலை கொஞ்சம் நிமிந்து நிக்குது. பாத்துத் தாண்டு."

"சரி டெஸ். நீ இருக்கேல்ல, பயமில்ல."

கடல் ஏற்ற இறக்க அட்டவணைத் தாளைப் புரட்டி அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். அப்படியே பதினொரு படகு. ஒன்றையும் விடவில்லை. ஆனால் எட்டு மணிக்குக் கிங்ஸ்லி அதிகாரியோடு உள்ளே வந்தபோது திரை காலியாக இருந்தது, என் கையில் பென்சில் இருந்தது.

"என்னய்யா இது?" என்றான்.

"அத நான் கேக்கணும். என் பாஸ்வேர்ட ஏன்யா மாத்துன?"

"நான் எதுக்கு உன் பாஸ்வேர்ட மாத்தப்போறேன்?"

"என்ன சாசேஜ் சுட அனுப்பத்தான்! நேரா மூஞ்சிய பாத்துச் சொல்லத் துப்பு இல்ல, பின்னாடி வந்து பூட்டுற. வங்கில வீட்டக் கைப்பத்துற மாதிரி!"

அந்த அதிகாரி ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், தெரிஸ் என்று பெயர். ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். கிங்ஸ்லி முகம் சிவந்து நின்றான். போனை எடுத்து நோலீனைக் கூப்பிட்டான்.

அவள் ஹார்டுவேர் கடை வாசலிலிருந்து அப்படியே வந்தாள். ஏப்ரனில் எண்ணெய், கையில் இடுக்கி, மேலெல்லாம் வெங்காய வாசனை. விஷயத்தைக் கேட்டாள்.

"டெஸ், போன செவ்வாய் எப்படி உள்ள போன?"

"பாஸ்வேர்டு தட்டித்தான்."

"எப்படித் தட்டுன? எழுத்தப் பாத்தா, பாக்காமலா?"

யோசித்தேன். செவ்வாய்க்கிழமை வரை ஒவ்வொரு எழுத்தாகக் கீபோர்டில் தேடிப் பார்த்துத்தான் குத்தினேன். உள்ளே போன பிறகுதான் தலையை நிமிர்த்துவேன்.

"பாத்து."

"இன்னிக்கு?"

இன்றைக்கு நான் கீழே பார்க்கவே இல்லை. கண் ஜன்னலில், மேட்டு அலையின் மேல் இருந்தது. கை தானாகப் போய்த் தட்டியது.

நோலீன் இடுக்கியை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "யோவ், நீ உள்ள போற வரைக்கும் அந்த மெஷினுக்கு நீ யாருன்னு தெரியாது. வாசல்ல நிக்குறப்ப பழைய வரிசைதான். உள்ள போனப்புறம்தான் உனக்குப் புது வரிசை போடும். நீ வாசல்லயே புது வரிசைல தட்டிருக்க. புள்ளி புள்ளியா வந்ததுல தெரியல. யாரும் மாத்தல. உன் வெரலு கத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

பென்சிலைக் கீழே வைத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. என் கைதான் எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்றிருக்கிறது.

கிங்ஸ்லி பூட்டை எடுத்துவிட்டான். இந்த முறை கீபோர்டைப் பார்த்து, ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகக் குத்தினேன். கணக்கு திறந்தது.

"பதிவு செஞ்ச டேப்பு வேண்டாம்," என்றார் தெரிஸ். "அந்தத் தாள்ல இருக்கிற பதினோரு படகையும் ஏத்துங்க. நடுவுல கூப்பிடறவங்களையும் எடுங்க. கால் மணி நேரம்."

ஏற்றினேன். நடுவில் நான்கு படகு கூப்பிட்டது, பேசிக்கொண்டே அவற்றையும் தட்டினேன். பதினான்காவது நிமிடம் பதினைந்தும் திரையில் வரிசையாக நின்றன. ஒன்றில் எத்தனை பேர் என்பதைத் தவறாக அடித்துவிட்டு, நானே பார்த்துத் திருத்தினேன். அந்த அம்மாள் தாளையும் திரையையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்தே கால் மணிக்கு, சொன்ன நேரம் தாண்டிவிட்டதென்று திரையில் ஒரு வரி சிவப்பானது. மார்கரெட் ஏ, மூன்று பேர். கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறை காலினின் குரல் வந்தது, வாய் நிறைய.

"மன்னிச்சுக்க டெஸ். கரையேறி அரை மணி ஆச்சு. சொல்ல மறந்துட்டேன். கடைல மீட் பை தின்னுட்டு இருக்கோம்."

"அந்த மீட் பை தொண்டைல சிக்கட்டும்," என்றேன். சிவப்பு அணைந்தது.

தெரிஸ் காருக்குப் போன பிறகு கிங்ஸ்லியிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "நான் சொன்னது தப்பு," என்றேன். "வங்கியப் பத்திச் சொன்னது மட்டும் சரி."

"அந்தக் கதவக் கொஞ்சம் சாத்து," என்றான்.

கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். கதவின் பின்பக்கம் ஆள் பட்டியல் ஒட்டியிருந்தது. செவ்வாய், சனி, டெஸ் டிரெலோர். டிசம்பர் வரைக்கும். தேதியைப் பார்த்தால் ஒட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒன்பது வருஷமா நீ கதவச் சாத்துனதே இல்ல. பின்ன எப்படித் தெரியும்?" என்றான்.

நோலீனோடு ஹார்டுவேர் கடைக்கு நடந்தேன். ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்து மடித்துக் கொடுத்தாள். வலது கையால் வாங்கி, வலது கையிலேயே பிடித்துத் தின்றேன்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கருகிப்போச்சு," என்றேன். "இன்னொன்னு குடு."