பனிமலைக்கு அடியில் மூணு மா

வாங்க கண்ணுகளா, எட்ட நிக்காம எம் பக்கத்துல வந்து குந்துங்க. ரெண்டு கம்ப்யூட்டர் பொட்டிக்கு நடந்த சண்டை ஒண்ணு இருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டது மூணு மா நஞ்சை, ஏறக்குறைய ஒரு ஏக்கர். சொல்றேன், கேளுங்க.

அம்சவல்லின்னு ஒருத்தி. அவளோட மாமனார் காலத்துல, பண்ணையில உச்சவரம்புக்கு மேல இருந்த நிலத்தைச் சர்க்கார் எடுத்து, அங்கே கூலிக்கு உழுதவங்களுக்கே பிரிச்சுக் கொடுத்துச்சு. இவங்க வீட்டுக்கு வந்தது மூணு மா. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை: தரிசு போடக்கூடாது, போட்டா பட்டா ரத்து. பண்ணை வீட்டு மருமகனுக்கு அந்த நிலத்து மேல எப்பவும் ஒரு கண்ணு. ஆத்துல தண்ணி வராத வருஷமாப் பார்த்தான். அம்சவல்லி பக்கத்து வயல் போர்வெல்ல தண்ணி கேட்டு வாங்கி, தாமதமா நட்டு வளர்த்த சம்பாவை, கதிர் முத்துறதுக்குள்ள டிராக்டரை விட்டு மடக்கி உழுதுட்டான். உழுதுட்டு, "நிலம் ரொம்ப நாளா தரிசு"ன்னு மனுவும் போட்டுட்டான்.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனுஷர். "உங்க சொந்த சனம் சொல்றதை மட்டும் வெச்சு நான் எழுத முடியாதும்மா. பயிர் நின்னுச்சுன்னு கண்ணால பாக்குற மாதிரி ஏதாவது கொண்டாங்க"ன்னார். மத்த சனமெல்லாம் பண்ணையில வேலை பாக்குறவங்க. வாயைத் திறப்பாங்களா?

கடைசி விசாரணை அன்னைக்கு மத்தியானம். காலையிலதான் அம்சவல்லிக்குச் சுரீர்னு ஞாபகம் வந்துச்சு. தை மாசம் ஒரு கல்யாண ஜோடியை அவ வயல்ல நிக்க வெச்சு வீடியோ எடுத்தாங்களே! "பயிரை மிதிக்காதீங்கடா"ன்னு அவளே வரப்புல நின்னு கத்தினாளே! புருஷன் ரெத்தினத்தை ஆபீசு வாசல்ல உட்கார வெச்சுட்டு, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்த அந்த ஸ்டூடியோவுக்கு ஓடினா.

ஸ்டூடியோ ரெண்டு பேரோடது. கேமரா பிடிக்கிற நடராசனுக்கு ஒரு விண்டோஸ் பொட்டி. துபாய்ல இருந்து திரும்பி வந்த இப்ராஹிமுக்கு ஒரு ஆப்பிள் மேக் பொட்டி. எதிரெதிர் மேசை, பொழுதுக்கும் வாய்ச்சண்டை, டீ மட்டும் ஒரே கிளாசுல.

"உட்காருங்கக்கா, இப்பவே காட்டுறேன்"னு இப்ராஹிம் படத்தை ஓட விட்டான். பொண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நிக்கிறாங்க. சுத்தி வெள்ளை வெளேர்னு பனிமலை.

"தம்பி, இது எந்த ஊரு?"

"சுவிட்சர்லாந்துக்கா."

"எங்க வயல்லதானே எடுத்தீங்க?"

"உங்க வயலேதான். பின்னாடி பூரா ஒரே பச்சையா இருந்தா அதை மட்டும் வழிச்சு எடுத்துட்டு, வேற இடத்தை ஒட்டிடலாம். அதுக்காகத்தான் தேடி வந்தோம். சுத்துவட்டாரத்துல அந்த வருஷம் அவ்வளவு பச்சை வேற எங்கக்கா இருந்துச்சு?"

அம்சவல்லி அந்த வெள்ளையையே உத்துப் பார்த்தா. இப்ராஹிமுக்கோ வேலையைப் பார்த்த பூரிப்பு. "சுத்தத்தைப் பாருங்க. ஓரத்துல ஒரு பிசிறு இல்ல. இதான் மேக். எதிர்ல இருக்கே ஒரு தகரடப்பா, அதுல வருமா?"

"ஆரம்பிச்சிட்டியா பாய்?" நடராசன் திரும்பினான். "நீ கொடுத்த காசுக்கு என் மாதிரி மூணு பொட்டி வாங்கலாம். உன்னதுல ஒரு சாமான் போனா மெட்ராசுக்குத் தூக்கணும். என்னதுக்குத் தெருமுனையிலயே கிடைக்கும்."

"அதனாலதானே மாப்ள வாராவாரம் தெருமுனைக்கு ஓடுற!"

"ஊர் பூரா விண்டோஸ். பார்ட்டி கொண்டாந்து கொடுக்குறதை உன் பொட்டி திறக்கவே மாட்டேங்குது. தொழிலுக்கு அது எதுக்கு? அழகு பாக்கவா?"

"தொழில்னா வேலை சுத்தம் வேணும்யா."

அம்சவல்லி இவன் வாயையும் அவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தா. ஒண்ணும் விளங்கல. "தம்பிங்களா, எது ஒசத்தியா வேணா இருக்கட்டும். எந்தப் பொட்டியில என் வயல் இருக்கு?"

நடராசன் குரல் இறங்கிப்போச்சு. "என்னதுலதான்க்கா மொதல்ல பண்ணேன். சரியா வழிக்க வரல. பொண்ணு காலடியில பயிர் நுனி அங்கங்க நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பனியில நெல்லு மொளைச்சிருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல சிரிச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதைக் குடுங்க தம்பி! அது போதும் எனக்கு!"

நடராசன் இப்ராஹிமைப் பார்த்தான். இப்ராஹிம் மேசையைப் பார்த்தான். "அதை நான்தான்க்கா அழிக்கச் சொன்னேன். கடைக்கு அசிங்கம்னு."

"எடுத்த டேப்பு?"

"அது மேலயே ஒரு காதுகுத்து எடுத்துட்டோம்."

அதுக்கப்புறம் இப்ராஹிம் படத்தை ஒவ்வொரு கட்டமா நகர்த்தினான். பொண்ணோட புடவை ஓரம், மாப்பிள்ளை செருப்பு இடுக்கு, விரல் சந்துன்னு பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தான். சுத்தத்துக்குப் பேர் வாங்கினவன், ஒரு இடத்துலயாவது கை தப்பியிருக்காதான்னு நெத்தி வேர்க்கத் தேடினான். நடராசனும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் தோளோட தோளா குனிஞ்சு பார்த்தான். அப்ப யாரும் எந்தப் பொட்டியையும் திட்டல. பச்சைன்னு ஒரு பொட்டு கிடைக்கல.

"நான் வந்து சொல்றேன்க்கா. என் கண்ணால பார்த்தேன்"னு நடராசன் படத்தை ஒரு சிடியில எடுத்துக்கிட்டுக் கிளம்பினான்.

விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைப் பார்த்துட்டுக் கேட்டார்: "மன்னார்குடியில இருந்துக்கிட்டே சுவிட்சர்லாந்தைக் காட்டுற ஆளு. இவர் சொல்றதை எப்படி சார் நம்புறது?" எல்லாரும் சிரிச்சாங்க. நடராசன் தலையைத் தொங்கப் போட்டான்.

அதிகாரி சிரிக்கல. ஆபீசு கம்ப்யூட்டர்ல படத்தை ரெண்டாவது தடவையும் போடச் சொன்னார். "இதுல பயிர் எங்கம்மா இருக்கு?"

அம்சவல்லி எழுந்து போய் அந்த வெள்ளை மேல விரலை வெச்சா. "இங்கதான் சார். இந்தப் பனிக்கு அடியில. இடுப்பு உசரம் நின்னுச்சு சார்."

அவர் அவ விரலைப் பார்த்துட்டு, பேனாவை எடுத்தார். வேற என்ன எழுதுவார்? தரிசுன்னுதான் எழுதினார்.

வெளியில ரெத்தினம் எழுந்து நின்னார். அவ நடந்து வந்ததைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டார். துண்டை உதறித் தோள்ல போட்டார். "வா புள்ள, பஸ்ஸு போயிடும்."

நடராசன் கூடவே வந்து பஸ் ஏத்திவிட்டான். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பஸ்ஸு எடுத்துட்டாங்க.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டு அடுப்புல உலை கொதிக்காத நாள் இருக்க வேண்டாம். உங்க பிள்ளைங்க கை வெச்சது நிலைக்கட்டும். உங்க வீட்டு ஆளு எந்தச் சபையில எழுந்து பேசினாலும் அந்தச் சொல்லு எடுபடட்டும். நல்லா இருங்க.