கடலில் சொல்லக்கூடாத பெயர்

எங்கள் படகில் சில வார்த்தைகள் ஆகாது. பன்றி, பாதிரியார், அப்புறம் என் குடும்பப் பெயர். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் எல்லோரும் பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால் படகுக்குக் கேடு.

என் பெயர் யூவன் ராஸ். கரையில் உட்கார்ந்து எழுதுவதால் சொல்ல முடிகிறது.

ராஸ் என்றால் பழைய கேலிக் மொழியில் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை. எங்கள் வளைகுடாவின் வடகரைப் பகுதிக்கே அதுதான் பெயர். அங்கிருந்து இந்தத் தென்கரைக்குப் பிழைக்க வந்த என் முன்னோர்கள் மண்ணின் பெயரையே குடும்பத்துக்கும் சூட்டிக்கொண்டார்கள். அபர்டீன் கல்லூரியில் பாதியில் விட்ட படிப்பில் எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். தென்கரை மீனவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் ஆகாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. எவனோ ஒரு ராஸ் அழுகிய கயிறு விற்றான் என்பார்கள் ஒரு வீட்டில். முனையில் மோதி நொறுங்கிய படகுகளைப் பற்றிச் சொல்வார்கள் அடுத்த வீட்டில்.

என் மனைவி மோரக்கின் அண்ணன் கில்பர்ட் மேர். தன் படகில் எனக்கு வேலை கொடுத்தபோது ஒன்றுதான் சொன்னான். "பேரைக் கரையில வெச்சுட்டு வா, மாப்ள." கடலில் நான் வெறும் வடக்கான்.

அன்று காலை வலையை இழுக்கும்போது கம்பி அறுந்தது. வலையை விரித்துப் பிடிக்கும் இரும்புப் பலகை என் இடது காலின்மேல் விழுந்தது. மூடுபனியால் ஹெலிகாப்டர் வரத் தாமதமாகும் என்றார்கள். காலைக் கட்டி, புண் சீழ் பிடிக்காமலிருக்க மருந்து கொடுத்த பிறகுதான் பலகையைத் தூக்க வேண்டும் என்றார் ரேடியோவில் டாக்டர். கட்டியாகிவிட்டது. கில்பர்ட் வேறு கம்பியை மாட்டி, பாரம் தூக்கும் வின்ச்சின் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறு கையில் ரேடியோ.

"ஆள் பேரு?" என்று கேட்டார் டாக்டர்.

"யூவன்."

"குடும்பப் பேரு?"

கில்பர்ட் என்னைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். "மேர்."

"உங்க ஊர்ல அந்தப் பேர்ல நிறைய பேர் இருக்காங்களே. வயசு?"

"முப்பதுக்கு மேல இருக்கும்."

"ஆங், ரெகார்டு கிடைச்சிருச்சு. போன குளிர்காலத்துல பென்சிலின் எடுத்திருக்கார். ஒண்ணும் பண்ணலை. அதையே குடுங்க."

சின்ன வயதில் ஒரே ஒரு பென்சிலின் மாத்திரையில் என் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது. பிழைத்ததே பெரிது.

"மச்சான், அது எனக்கு ஆகாது. செத்துருவேன். சொல்லு."

"ஆகாதுங்கறான், டாக்டர்."

"இதுல அப்படி இல்லியே. சரியான ஆள்தானே?"

கில்பர்ட் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆமா."

"அப்ப வலியில உளர்றார். குடுங்க."

இன்ஜின் பார்க்கும் அலிக் மாத்திரையோடு என் தலைமாட்டில் மண்டியிட்டான். "முழுங்குடா வடக்கான். டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ? நீ காலேஜையே முழுசா முடிக்காதவன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் என் தாடையைப் பிடித்தான். தலையைத் திருப்பி, ரேடியோவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"ராஸ்! மேர் இல்ல, யூவன் ராஸ்!"

மாத்திரை தளத்தில் உருண்டது. அலிக் பாய்ந்து கைப்பிடிக் கம்பியைப் பற்றினான். சமையல்காரன் சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பாவி! இரும்பைத் தொடுடா!" என்று அலறினான் அலிக்.

"என் கால்மேல கிடக்கறது என்ன, பஞ்சு மூட்டையா?"

ரேடியோ கரகரத்தது. "ராஸா? இருக்கார். ஐயோ, இவருக்குப் பென்சிலின் கூடவே கூடாது. பெட்டியில வேற மருந்து இருக்கும், நீல அட்டை. அதைக் குடுத்துட்டுத் தூக்குங்க."

அலிக் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே ஊட்டினான். விழுங்கினேன்.

கில்பர்ட் தூக்கவில்லை. ரேடியோவை அணைத்தான்.

"மோரக்குக்கு மார்ச்சுல குழந்தை பொறக்கும்."

"இப்ப எதுக்கு மச்சான் அது?"

"பையனா பொறந்தா கடலுக்குத்தான் வருவான். இந்தப் பேரோட எவன் படகுல ஏத்துவான்? எங்க பேரை வை."

"முதல்ல தூக்கு."

"வைப்பியா?"

அவன் கண் கலங்கியிருந்தது. மிரட்டியிருந்தால் திட்டியிருப்பேன். பிறக்காத பிள்ளையின் உயிருக்காக அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான், நெம்புகோலை விடாமல். சுற்றிலும் வெள்ளைப் பனி. முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை.

"வைக்கிறேன்."

"எந்தப் பேரு? வாயால சொல்லு."

"மேர்," என்றேன்.

நெம்புகோலை இழுத்தான்.