கவ்வி மூணும் கழட்டியாச்சு, சரி

1

இந்தக் கதை என் மறதியால் கிடைத்தது. ஜப்பானின் சென்டாய் நகரில் எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மின்சாரத்தை முழுக்க நிறுத்திச் சோதிப்பார்கள். அறிவிப்பு மூன்று வாரம் லிஃப்டில் ஒட்டியிருந்தும் நான் மறந்துபோய் வந்தேன். இருட்டுப் படிக்கட்டில் ஒரு தளம் கூடுதலாக இறங்கி, அடித்தளத்து மின் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒரு பெண்மணி கையை நீட்டி ஓர் இரும்புப் பெட்டியைச் சுட்டி, அதன் பெயரையும் நிலையையும் உரக்கச் சொன்னார். இங்கே ரயில் ஓட்டுநர்கள் தினமும் செய்வதுதான். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில், அவ்வளவு மரியாதையோடு செய்து நான் கண்டதில்லை.

பராமரிப்புக் குழுவின் மேற்பார்வையாளர் அவர். பெயர் நொஜிரி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மின்சாரம் ஒரு நாகம், நொஜிரி அதன் பாம்பாட்டி, அவர் மகுடி—’

அந்த வரியை அடித்துவிட்டேன். நாகத்துக்குக் கோபம் வரும். மின்சாரத்துக்குக் கோபம் கிடையாது. வழி கிடைத்தால் போகும், அவ்வளவுதான். எனவே இந்தத் தொழில் முழுவதும் வழியைப் பற்றியது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது இல்லாமல் கதை இல்லை.

பிரதான இணைப்பைத் துண்டித்ததும், வரும் மூன்று கம்பிகளிலும் தலா ஒரு செம்புக் கவ்வியை மாட்டி, மூன்றையும் பூமியோடு இணைப்பார்கள். எங்கோ யாரோ தவறுதலாக மின்சாரத்தை விட்டாலும் அது பூமிக்குள் போய்விடும். வேலை செய்பவரின் உடம்புக்குள் போகாது. காலை முழுக்க அந்தக் கவ்விகள்தான் காவல்.

வேலை முடிந்து மின்சாரத்தைத் திரும்ப விடும்போது ஒரு கவ்வி மிச்சமிருந்தால்? அதே காவல் எமனாகிவிடும். முழு மின்சாரமும் அந்த வழியில் பாய்ந்து பெட்டி வெடிக்கும், தெருவே இருண்டுபோகும்.*

*இதைக் கேட்ட நாளிலிருந்து நான் வீட்டு சுவிட்சைக்கூட ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

3

நொஜிரியின் குழுவில் உள்ள குசுமி என்கிற மூத்த மின்பணியாளரை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரைச் சோம்பேறியாக்கினேன். [கதைக்கு வசதி.] அது பொய். குழுவிலேயே சுத்தமான கை அவருடையது. சோதித்ததும் உரக்கச் சொல்ல வேண்டிய வாசகம் புதியவருக்கு மறந்துபோகும், அதனால் பார்த்துப் பார்த்துச் சொல்வார். முப்பது வருடம் சொன்னவருக்கு வாய் தானாகவே ஓடும். பார்க்காமலே சொல்லிவிடும் இந்தத் தவறைச் செய்யக் கெட்டிக்காரர்களால்தான் முடியும்.

4

பகல் பன்னிரண்டு ஐம்பது. நொஜிரி பிரதானக் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார். பெட்டியின் திறந்த கதவு மறைப்பதால் அதன் உட்புறம் அவருக்குத் தெரியாது. கட்டட அலுவலகத்து ஆள் பின்னால் நின்று நச்சரித்தார்: மேலே தரைத்தளத்து வண்ணமீன் கடைக்காரர் தொட்டிப் பம்புகள் நின்றுகிடப்பதாக மூன்று முறை கூப்பிட்டுவிட்டாராம், ஒரு மணிக்கு மின்சாரம் வரும் என்று வாக்குக் கொடுத்தது யார் என்று கேட்கிறாராம்.

குசுமி கையைப் பெட்டிக்குள் நீட்டினார். “கவ்வி மூணும் கழட்டியாச்சு, சரி.”

வாசகம் சரி. குரல் சரி. விரலும் சரியான இடத்தில். ஆனால் அவர் தலைக்கவசத்து விளக்கின் வெளிச்சம் அலுவலக ஆளின் சட்டைமேல் விழுந்திருந்தது.

நொஜிரி கைப்பிடியைத் திருப்பவில்லை.

“குசுமிசான்,” என்று மரியாதை விகுதி சேர்த்தே அழைத்தார், “இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

“இப்பதானே சொன்னேன். காதுல விழலையா?”

“நல்லா விழுந்துச்சு. சொல்லும்போது விளக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. அதான்.”

மூலையில் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்த இன்னொரு பணியாளர் சிரித்தார். “அவருக்கு எப்பவும் வாய்தான் முதல்ல டியூட்டிக்கு வரும்.”

குசுமியின் முகம் இறுகியது. வெளியாள் முன்னால். “சந்தேகம்னா நீங்களே வந்து பாத்துக்குங்க.”

“கைப்பிடிய விட்டு நான் நகரக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க பாத்துச் சொன்னா எனக்குப் போதும்.”

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், கடைசிக் கம்பியில் ஒரு கவ்வி தொங்குகிறது. நொஜிரி எல்லோரையும் காப்பாற்றியவர் ஆகிறார். ‘குசுமி வெட்கத்தில் தலை—’ இல்லை, அவர்கள் வழக்கம் அதுவல்ல. நடக்கவிருந்த தவறை ஒரு தாளில் எழுதித் திங்கள் காலை எல்லோரும் வாசிப்பார்கள், யாரும் திட்டமாட்டார்கள்.

இன்னொன்றில், கவ்வி எதுவும் இல்லை. குசுமி முன்பே பார்த்திருந்தார். ஒரு நல்ல வேலைக்காரரை வெளியாள் முன்னால் சும்மா சந்தேகப்பட்டாயிற்று. அதை நொஜிரி வெகுநாள் சுமக்க வேண்டும்.

முதல் முடிவு கைதட்டல் வாங்கும். எனக்கு இரண்டாவதில் வரும் நொஜிரியைத்தான் அதிகம் பிடிக்கிறது. பிறகு உறைத்தது, இரண்டும் ஒரே ஆள்தான். கேட்டபோது எந்த முடிவில் தான் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்டார். அதனால் நானும் சொல்லப்போவதில்லை.

குசுமி பெட்டிப் பக்கம் திரும்பி, குந்தி உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் முதல் கம்பிமேல் இருக்கிறது. அடுத்ததற்கு நகர்கிறது. அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்க்க உங்களுக்கு இடமிருக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டு நீங்களே உரக்கச் சொல்லுங்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு ஆகிறதே என்று பதற வேண்டாம். ஒரு மணியைத் தாண்டினாலும் நொஜிரி அப்படியே நிற்பார்.